தம்பி பச்சை காட்டினான்

இளம்பரிதியிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர்கள் திருச்சியில் நானூறு பேராவது இருப்பார்கள். அவர்களில் யாரையாவது நிறுத்தி, உறையூரிலிருந்து கே.கே. நகருக்கு வழி கேட்டுப் பாருங்கள். நேராகப் போகிற சாலையை விட்டுவிட்டு, ஊரையே ஒரு சுற்றுச் சுற்றிக் கொண்டுபோய் விடுவார்கள். அந்த வழியில் கொஞ்ச தூரத்துக்கு ஒரு சார்ஜ் நிலையமோ கல்யாண மண்டபமோ பெரிய ஜவுளிக்கடையோ வந்துகொண்டே இருக்கும். அவை எல்லாவற்றிலும் நல்ல கழிப்பறை உண்டு என்பதை, ஓட்டக் கற்றுக்கொண்டவர்கள் யாரும் கவனித்ததில்லை. கற்றுக்கொடுத்தவர் கவனித்திருந்தார்.

இளம்பரிதிக்கு இருபத்தேழு வயதில் குடலில் கிரோன்ஸ் என்கிற அழற்சி வந்தது. கல்யாணமாகி நாலாவது மாதம். நெஞ்சுவலிக்காரனைக் கண்டால் ஜனங்கள் எழுந்து நாற்காலி கொடுப்பார்கள். வயிற்றுப்போக்குக்காரனைக் கண்டால் சிரிப்பார்கள் என்பது அவருக்கு முதல் வருஷமே தெரிந்துபோயிற்று. அதனால் மற்றவர்கள் சிரிப்பதற்கு முன்னால் அவரே சிரித்துவிடுவார். "நான் எந்த ஊருக்குப் போனாலும் சாமியை அப்புறம்தான் பார்ப்பேன்" என்பார். சிரித்த பிறகு யாரும் மேலே எதுவும் கேட்கமாட்டார்கள். அவருக்கு அதுதான் வேண்டியிருந்தது.

சென்னையில் கார்கள் தாமாகவே ஓட ஆரம்பித்து ஆறேழு வருஷம் ஆகிவிட்டது. திருச்சிக்கும் நாலு வந்தன. காந்தி மார்க்கெட் பக்கம் மாட்டைக் கண்டு நின்றவை, மாடு போன பிறகும் கிளம்பவில்லை. ஆகவே இளம்பரிதியின் பிழைப்புக்கு உடனடி ஆபத்து எதுவும் இல்லை.

அவர் கற்றுத்தராத சாலை ஒன்றே ஒன்று உண்டு. காவிரிப் பாலம். மேலே வானம், கீழே தண்ணீர், நடுவில் நெரிசல். அதில் மாட்டிக்கொண்டால் முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது, ஒதுங்கவும் இடம் கிடையாது. "பாலமெல்லாம் லைசென்ஸ் வாங்கினப்புறம் தன்னால வரும்" என்று சொல்லிவிடுவார். அவருடைய அதிர்ஷ்டம், பிரேக் இன்ஸ்பெக்டர் சத்தியசீலனும் டெஸ்டின்போது யாரையும் பாலத்துக்கு அழைத்துப் போனதில்லை. மைதானத்தில் எட்டு போட வைத்து, தெருவில் ஒரு சுற்று; பத்து நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிடும். கையெழுத்தைக்கூட நடந்துகொண்டே போட்டுவிட்டு ஆபீசுக்குள் விறுவிறுவென்று மறைந்துவிடுவார். அந்த மனிதர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. பதவித் திமிர் என்று இளம்பரிதி பதினோரு வருஷம் முன்பே முடிவுகட்டியிருந்தார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தப் பெட்டி வந்தது.

"உங்க குடல்லேர்ந்து மிளகு அளவு சதை எடுத்து வளர்த்திருக்கோம்" என்றார் குடல் மருத்துவர் நஸ்ரின். சாப்பாட்டு டப்பா அளவுக்கு ஒரு வெள்ளைப் பெட்டி மேஜைமேல் இருந்தது. "உங்க ரத்த அணுக்களும் உள்ள ஓடுது. நீங்க சாப்பிடப்போறத ஒரு துளி கரைச்சு இந்த ஓட்டையில விடுங்க. அரை மணி நேரத்துல விளக்கு எரியும். பச்சைன்னா சாப்பிடலாம். மஞ்சள்னா கொஞ்சமா. சிவப்புன்னா தொடாதீங்க."

"அப்ப எனக்குப் பதிலா இது அவஸ்தைப்படும்."

"அப்படியும் வெச்சுக்கலாம்."

"நாப்பத்திநாலு வருஷத்துல எனக்காக அவஸ்தைப்பட வந்த முதல் ஆளு இதுதான் டாக்டர்."

பதினேழு வருஷமாகக் கஞ்சி வைத்துக்கொடுத்த மனைவி சுகந்தி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

ஆனாலும் பெட்டிக்குப் பெயர் வைத்தது அவள்தான். உங்கள் சதை, உங்களுக்குப் பின்னால் பிறந்தது, அதனால் தம்பி என்றாள். காக்கைக்கு ஒரு பிடி சோறு வைத்துவிட்டுச் சாப்பிடுகிற வீடு அது. இப்போது காக்கைக்கும் முன்னால் தம்பிக்கு. மிக்ஸிக்குப் பக்கத்தில் அவனுக்கு ஒரு இடம். வெள்ளிக்கிழமை என்றால் பெட்டியின் முகப்பில் ஒரு குங்குமப் பொட்டு. வீட்டுக்கு வருகிற உறவுக்காரர்கள் இளம்பரிதியைக் கேட்பதை விட்டுவிட்டு, "தம்பி சாப்பிட்டானா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

முதல் வருஷம் தம்பி நல்ல பிள்ளையாகத்தான் இருந்தான். பாலுக்குச் சிவப்பு, கொய்யாவுக்குச் சிவப்பு. சாம்பாருக்கும் சின்ன வெங்காயத்துக்கும் முருங்கைக்கீரைக்கும் பச்சை. பதினேழு வருஷமாகப் பயந்து ஒதுக்கியதையெல்லாம் இளம்பரிதி ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்துக்கொண்டார். நாலு கிலோ ஏறினார். பெல்ட்டில் ஒரு ஓட்டை தள்ளிப் போட்ட அன்று அவர் கண்ணாடி முன்னால் ரொம்ப நேரம் நின்றார்.

வருஷத்துக்கு ஒரு தடவை பெட்டியை ஆய்வுக்கூடத்தில் கொடுத்து உள்ளே இருக்கும் திரவத்தை மாற்ற வேண்டும். போன புரட்டாசியில் கொடுத்து வாங்கி வந்தார்கள். வந்தவன் வேறு தம்பி. சாம்பாருக்குச் சிவப்பு. வெங்காயத்துக்குச் சிவப்பு. கீரை என்று நினைத்தாலே சிவப்பு. இட்லி, மசித்த பூசணிக்காய், பால், இந்த மூன்றுக்கும்தான் பச்சை.

"நோய் முத்திப்போச்சு போல" என்றார் இளம்பரிதி. "டாக்டர்தான் சொன்னாங்களே, இது ஆளுக்கு ஆளு, வருஷத்துக்கு வருஷம் மாறும்னு."

பால் குடித்தார். குடித்த அரை மணியில் ஓடினார். வெளியே வந்து, வெளிறிப்போய், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றவரிடம் சுகந்தி ஆதரவாகத்தான் சொன்னாள்: "தம்பி பச்சை காட்டினான்ங்க. பால் ஒண்ணும் பண்ணல. உங்க மனசுதான் காரணம். பயந்துகிட்டே குடிக்கிறீங்க."

அவரும் அதை நம்பினார். அதுதான் இதில் கேவலம். தன் வயிறு ஒன்று சொல்ல, சமையல்கட்டிலிருந்த டப்பா ஒன்று சொல்ல, டப்பா பக்கம் சேர்ந்துகொண்டார். முழங்கால் வீங்கியது, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து இரண்டாவது பிரேக்கை மிதித்து மிதித்து வந்த வீக்கம் என்றார். கணுக்காலுக்கு மேல் சிவப்புச் சிவப்பாகக் கட்டிகள் தெரிந்தன, கொசு என்றார். காலை பத்து மணிக்கே கண்ணை இழுத்துக்கொண்டு போகும் அசதி, வயசு என்றார். "தம்பி பச்சைதானே?" என்று சுகந்தி கேட்பாள். பச்சைதான். பெட்டி மாதாமாதம் தானாகவே ஆஸ்பத்திரிக்கு அறிக்கை அனுப்பிவிடும் என்பதால் டாக்டரைப் போய்ப் பார்ப்பதையும் விட்டிருந்தார். மாசியில் வலது கண் சிவந்தது. மெட்ராஸ் ஐ என்று ஒரு கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்தை விட்டுக்கொண்டிருந்தார்.

அந்தச் சமயத்தில் அவரிடம் கற்றுக்கொண்டிருந்தவர் பிலோமினா. அறுபத்தொரு வயது. பொன்மலை ரயில்வே பணிமனையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கும் அதே நோய், அதே ஆஸ்பத்திரி, அதே பெட்டி. அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருப்பவர்களிடையே இளம்பரிதியின் பள்ளிக்கு ஒரு தனிப் புகழ் இருந்தது.

"பஸ்ல போனா டிரைவர்கிட்ட நிறுத்துங்கன்னு கெஞ்சணும்" என்று முதல் நாளே சொல்லியிருந்தார் பிலோமினா. "ரயில்னா உள்ள யாராவது தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு போன் பேசிட்டிருப்பான். என் கார்னா நானே நிறுத்திக்குவேன். லால்குடியில தங்கச்சி இருக்கா. மூணு வருஷமாப் போகல. அங்க போகணும், அவ்வளவுதான் மாஸ்டர்."

லால்குடிக்குப் பாலத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். அடுத்த வாரம் பார்க்கலாம் என்று இளம்பரிதி ஐந்து வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பங்குனி முதல் செவ்வாய்க்கிழமை காலை, தென்னூரில் அவர்களுடைய கார் ஒரு தள்ளுவண்டியில் மோதியது. வேகமில்லை. யாருக்கும் அடியில்லை. ஆனால் வண்டி சாய்ந்து, அதிலிருந்த பூசணிக்காய்கள் தெரு முழுக்க உருண்டன. பிலோமினா குறுக்கே வந்த ஸ்கூட்டரைப் பார்த்து இடப்பக்கம் ஒடித்திருந்தார். இடப்பக்கம் என்ன இருக்கிறது என்று பார்ப்பதும் பிரேக்கை மிதிப்பதும் மாஸ்டர் வேலை. மாஸ்டர் மிதிக்கவில்லை.

வண்டிக்காரர் ஒரு பாட்டம் திட்டி முடித்தார். உடைந்த காய்களையெல்லாம் விலைக்கு வாங்கிப் பின் இருக்கையில் அடுக்கிக்கொண்டு, ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் ஓரங்கட்டினார்கள். தம்பிக்கு ஒரு மாதத்துக்குப் போதும் என்று இளம்பரிதி நினைத்தார்.

"அந்த வண்டி உங்களுக்குத் தெரியலையா மாஸ்டர்?"

"தெரிஞ்சுது மேடம். வெள்ளையாப் புகை மாதிரி இருந்துது. அதுக்குள்ள மஞ்சளா ஏதோ. பூசணின்னு புரியறதுக்குள்ள லேட்டாயிடுச்சு. நான் திங்கறது அது ஒண்ணுதான், அதையே அடையாளம் தெரியல பாருங்க."

பிலோமினா சிரிக்கவில்லை. கையை நீட்டி அவருடைய கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். வெயில் பட்டதும் இளம்பரிதி முகத்தைச் சுளித்துத் திரும்பிக்கொண்டார்.

"எத்தனை நாளா?"

"மூணு வாரம். மெட்ராஸ் ஐ."

"மெட்ராஸ் ஐ மூணு வாரம் இருக்காது. பீளை தள்ளுதா?"

"இல்ல."

"உள்ளுக்குள்ள குத்துதா? வெளிச்சம் கூசுதா?"

"ஆமா."

"எனக்கு வந்தது இதேதான். நம்ம வியாதி குடலோட நிக்காது மாஸ்டர். கண்ணுக்கு வரும், முட்டிக்கு வரும், தோலுக்கு வரும், எலும்பை அரிக்கும். நான் வெல்டிங் பொறின்னு நெனச்சு ரெண்டு மாசம் விட்டுட்டேன். இடது கண்ணு ஓரத்துல இன்னும் ஒரு மங்கல் இருக்கு. டெஸ்ட்ல தேறிடுவேன், ஆனா ஊசி கோக்க முடியாது."

"பெட்டி பச்சைதான் காட்டுது" என்றார் இளம்பரிதி. சொல்லும்போதே அவருக்குத் தன் குரல் அசட்டுத்தனமாகக் கேட்டது.

"பெட்டிக்குள்ள கண்ணு இருக்கா?"

இளம்பரிதி கறுப்புக் கண்ணாடியை வாங்கித் திரும்ப மாட்டிக்கொண்டார்.

"அந்தப் பெட்டிய நம்பி நானும் நொந்துபோயிட்டேன்" என்று பிலோமினா தொடர்ந்தார். "சாம்பாருக்குப் பச்சைங்குது, முருங்கைக்கீரைக்குப் பச்சைங்குது. சாப்பிடறேன், வயித்தைப் பிடிச்சிட்டு உக்காந்திருக்கேன். ரத்தமும் போகுது. வயசாயிடுச்சுல்ல, உடம்பு தாங்கலன்னு நெனச்சேன். பாலும் கொய்யாவும் மட்டும்தான் சிவப்பு. எனக்கு முன்னெல்லாம் பாலு ஒண்ணுமே செய்யாது."

இளம்பரிதி இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பாலுக்கும் கொய்யாவுக்கும் சிவப்பா? சின்ன வெங்காயம்?"

"பச்சை."

"எப்பலேர்ந்து இப்படி?"

"சர்வீசுக்குக் குடுத்து வாங்கினேனே, ஆயுத பூஜை முடிஞ்சு. அதுலேர்ந்து."

"மேடம், அது என் குடல்" என்றார் இளம்பரிதி.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆறு மாதமாக அவர் பூசணிக்காயோடு மாரடித்துக்கொண்டிருக்க, அவருடைய குடல் பொன்மலையில் இருந்தபடி சாம்பாருக்குத் தலையாட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அப்படியென்றால் தன் வீட்டில் இருப்பது பிலோமினாவுடையது, தம்பி இல்லை, அக்கா என்று இளம்பரிதி அவசரமாகக் கணித்துச் சொன்னார். ஆனால் பிலோமினா இல்லையென்று தலையை ஆட்டினார். அவருடைய பழைய பெட்டி பூசணிக்காயைக் கண்டாலே சிவந்துவிடுமாம்.

"அப்ப எங்க வீட்டுல இருக்கிறது யாரு?" என்றார் இளம்பரிதி.

"அத அப்புறம் பாப்போம். மொதல்ல கண்ணு. எனக்குப் பார்த்த கண் டாக்டர் ஸ்ரீரங்கத்துல இருக்காரு. இந்தக் கேஸ் அவருக்கு நல்லாப் பழக்கம். இப்பவே போலாம்."

"ஸ்ரீரங்கமா? பாலம் தாண்டணும்."

"தாண்டுவோம்."

"என்னால இப்ப ஓட்ட முடியாது. நீங்க பாலத்துல ஓட்டினதே இல்ல."

"நீங்கதான் சொல்லிக்குடுக்கலையே" என்றார் பிலோமினா, சீட் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டே. "ஏன் சொல்லிக்குடுக்கலன்னும் தெரியும் மாஸ்டர். மத்தவங்க கண்டுபிடிக்காம இருக்கலாம். எனக்கும் அதே வயிறு."

பாலத்தின் நடுவில் நெரிசலில் மாட்டி நின்றார்கள். எல் போர்டு போட்ட கார், வலப்பக்கம் மணல் லாரி, பின்னால் ஹாரனை விடாமல் அடிக்கிற டவுன் பஸ். இளம்பரிதி இரண்டாவது பிரேக்கை முழு பலத்தோடு மிதித்துக்கொண்டிருந்தார். கார் ஏற்கெனவே நின்றுதான் இருந்தது.

"காலை எடுங்க மாஸ்டர். நான் நகரணும்."

எடுத்தார். எடுத்ததும் வயிறு உருண்டது. பதினெட்டு வருஷமாக எதைக் கற்பனை செய்து பயந்தாரோ அது அப்படியே, ஒரு குறையும் இல்லாமல் நடந்துகொண்டிருந்தது. பின்னால் பத்துப் பூசணிக்காய்கள் வேறு. செத்தால் பேப்பரில் எப்படிப் போடுவார்கள் என்று ஒரு கணம் யோசித்தார்.

"வருதா?" என்றார் பிலோமினா, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ம்."

"எவ்வளவு நேரம் தாங்கும்?"

இதைச் சுகந்திகூட அவரிடம் கேட்டதில்லை. அவமானம் பொத்துக்கொண்டு வரும் என்று எதிர்பார்த்தார். வந்தது அழுகை. சிவந்த கண்ணிலிருந்தும் சிவக்காத கண்ணிலிருந்தும் ஒரே மாதிரி வழிந்தது. "ஆறு நிமிஷம்" என்றார்.

"ஆறு போதும். மூச்ச மெதுவா விடுங்க. பேசிட்டே வாங்க. லாரிக்கும் எனக்கும் எவ்வளவு இடம் இருக்கு, சொல்லுங்க. சொல்லிக்குடுக்கறது உங்க வேலை."

அவர் சொன்னார். ஒரு கையால் வலது கண்ணுக்கு மேல் வெயிலை மறைத்துக்கொண்டு, இரண்டடி இருக்கிறது, ஸ்டியரிங்கை நேராக வையுங்கள், பஸ்காரன் அடித்தால் அடிக்கட்டும், அவனுக்கு உங்களைவிட அவசரம் ஒன்றும் இல்லை என்று சொல்லிக்கொண்டே வந்தார். பாலம் இறங்கியதும் இடப்பக்கம் ஒரு டைல்ஸ் கடை தெரிந்தது. பிலோமினா நடைபாதையை ஒட்டி நிறுத்திய விதத்துக்கு, வேறு நாளாக இருந்திருந்தால் இளம்பரிதி திட்டியிருப்பார்.

உள்ளே ஓடியவரை வரவேற்றவை பளபளவென்ற முப்பது கம்மோடுகள். வெள்ளை, நீலம், கறுப்பு. எல்லாம் விற்பனைக்கு, ஒன்றுக்கும் குழாய் இணைப்பு இல்லை. வாழ்நாள் முழுக்க இதைத் தேடி அலைந்தவனை இப்படிச் சோதிக்கக் கூடாது. கல்லாவில் இருந்த பெண்மணி அவர் முகத்தைப் பார்த்தார், ஒரு வார்த்தை கேட்கவில்லை, சாவியை நீட்டினார். "பின்னால, வலது கோடி."

கண் மருத்துவர் ஒரு கருவியின் முன்னால் மோவாயை வைக்கச் சொல்லி நெடுநேரம் பார்த்தார். கண்ணுக்குள்ளேயே அழற்சி, இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் போன பார்வை முழுசாகத் திரும்பியிருக்காது என்றார். மணிக்கு ஒரு தரம் சொட்டு மருந்து. இரண்டு மாதம் வண்டியைத் தொடக்கூடாது. பார்வை வந்துவிடும் என்று அவர் சொன்னதை இளம்பரிதி மூன்று முறை திரும்பச் சொல்ல வைத்தார்.

மறுநாள் நஸ்ரினின் அறையில் இரண்டு பெட்டிகளும் மேஜைமேல் இருந்தன. சதையைச் சோதித்துப் பார்த்த காகிதத்தை டாக்டர் கையில் வைத்திருந்தார். முகம் கறுத்திருந்தது.

"மேடம் கொண்டுவந்தது உங்களுதுதான். இது உங்க ரெண்டு பேருதும் இல்ல."

"எப்படி டாக்டர் மாறுச்சு?" என்றாள் சுகந்தி. தம்பியின் மேல் ஒரு கையை வைத்திருந்தாள்.

"ஆயுத பூஜை. சர்வீசுக்கு வந்த முப்பத்தெட்டுப் பெட்டியையும் ஆய்வுக்கூடத்துல வரிசையா வெச்சு, எல்லாத்துக்கும் சந்தனம் குங்குமம் வெச்சிருக்காங்க. வெச்ச இடம் பேர் ஒட்டின சீட்டு மேல. மறுநாள் கருவியால அதப் படிக்க முடியல. தொடைச்சா சீட்டே கிழிஞ்சு வந்திருக்கு. வரிசை ஞாபகம் இருக்குன்னு புது சீட்டு ஒட்டியிருக்காங்க. ஒரு இடம் தள்ளிப்போச்சு."

சுகந்தி தம்பியின் முகப்பிலிருந்த பொட்டை முந்தானையால் மெல்ல மறைத்தாள்.

"அப்ப என் சொந்தப் பெட்டியே வீட்டுல இருந்திருந்தா, கண்ணு இப்படி ஆகியிருக்காது. இல்லையா?" என்று கேட்டார் இளம்பரிதி. யார் மேலாவது கோபப்பட வேண்டும் போலிருந்தது.

நஸ்ரின் காகிதத்தை மேஜைமேல் வைத்தார். "இல்ல சார். குடல் அமைதியா இருக்கும்போதே கண்ணுல வரலாம். உங்க பெட்டியா இருந்தாலும் பச்சைதான் காட்டியிருக்கும். நீங்க வந்து, கண்ணு செவந்திருக்கு, முட்டி வீங்கியிருக்குன்னு சொல்லியிருந்தா நான் கண்டுபிடிச்சிருப்பேன். உங்களக் கூப்பிட்டு நானும் கேட்டிருக்கணும். அறிக்கையில எல்லாம் பச்சையா இருந்துது. அதையே பார்த்துட்டு உக்காந்திருந்தேன். தப்பு என்னுதுதான்."

அவ்வளவு நேராகச் சொல்லிவிட்ட பிறகு கோபப்படுவது கஷ்டமாகிவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முப்பத்தெட்டுப் பேரையும் ஆஸ்பத்திரி மாடிக் கூடத்துக்கு வரவழைத்தார்கள். ஏற்பாடு செய்தவர் நல்ல மனிதர்தான். ஆனால் முப்பத்தெட்டுக் குடல் நோயாளிகளை இரண்டே கழிப்பறை உள்ள கூடத்துக்கு அழைத்திருந்தார். பத்தே நிமிஷத்தில் கூட்டம் மேடை முன்னாலிருந்து வராந்தா வரிசைக்கு மாறிவிட்டது. எல்லோர் மடியிலும் ஒரு வெள்ளைப் பெட்டி. ஒன்றுக்குப் பின்னல் உறை போட்டிருந்தார்கள். ஒன்றுக்குத் திருஷ்டிக் கயிறு கட்டியிருந்தது. வீட்டுக்கு வீடு தம்பியோ பாப்பாவோ இருந்திருக்கிறார்கள்.

வரிசையில் நின்றபடியே கதைகள் வெளிவந்தன. ஆறு மாதமாகத் தப்பான குடலைக் கேட்டுச் சாப்பிட்டவர்கள். இளைத்தவர்கள், ரத்தம் போனவர்கள், பயந்து கல்யாணத்தைத் தள்ளிவைத்த ஒரு பெண். ஒவ்வொருவரும் ஒரு காரணம் சொன்னார்கள். வயசு என்றார் ஒருவர். மனசு என்றார் இன்னொருவர். நான் செய்த பாவம் என்றார் மூன்றாமவர், சாதாரணமாக, மணி என்ன என்று சொல்வதுபோல. தன் உடம்பைச் சந்தேகப்படாதவர் அங்கே ஒருவரும் இல்லை. பெட்டியைச் சந்தேகப்பட்டவரும் இல்லை. இளம்பரிதி அன்றுதான் முதல் தடவையாக இந்த நோயைப் பற்றி ஒரு வேடிக்கைப் பேச்சும் பேசாமல் ஒரு மணி நேரம் இருந்தார்.

பிறகு பெயர் படித்து, பெட்டிகளை உரியவர்களிடம் கொடுத்தார்கள். தம்பிக்கு உரியவரின் பெயரைப் படித்தபோது, கடைசி வரிசையில் தொப்பியை முகம்வரை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்து வந்தார்.

பிரேக் இன்ஸ்பெக்டர் சத்தியசீலன்.

இளம்பரிதியின் கை தானாக வணக்கம் வைத்தது. மூளை அதற்குப் பின்னால்தான் வந்தது. பத்து நிமிஷத்தில் முடிகிற டெஸ்ட். நடந்துகொண்டே போடுகிற கையெழுத்து. சிரிக்காத முகம். ஒரு தடவைகூடக் கேட்காத பாலம். தன்னைப் போலவே ஒரு ஆள், தனக்கு எதிரிலேயே பதினோரு வருஷமாக நின்றிருக்கிறார். தான் சிரித்து மறைத்ததை அவர் சிரிக்காமல் மறைத்திருக்கிறார். திமிர் என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்போம் என்று நினைக்க இளம்பரிதிக்கு வெட்கமாக இருந்தது.

"உங்ககிட்டயா இருந்துச்சு?" என்றார் சத்தியசீலன். குரல் தணிந்திருந்தது. "என்ன குடுத்தீங்க?"

"பூசணிக்காய் சார். இட்லி. பால்."

"பாலுன்னா இவனுக்கு உயிர் சார்" என்றாள் சுகந்தி. கண் கலங்கியிருந்தது. "ஒரு நாளும் சிவப்பு காட்டினதில்ல. ஒரு வேளைகூடப் பட்டினி போடல நாங்க."

சத்தியசீலன் பெட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அவருக்குப் பிடித்த ஒரே ஆகாரம் பால்தான். ஆறு மாதமாக அவருடைய வீட்டில் இருந்த யாருடைய பெட்டியோ அதற்குச் சிவப்புக் காட்டியிருக்கிறது. அவர் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தார்.

இளம்பரிதியின் சொந்தக் குடல் வீட்டுக்கு வந்த அன்று சுகந்தி சின்ன வெங்காய சாம்பார் வைத்தாள். ஒரு துளி கரைத்து ஊற்றினாள். விளக்கு எரிய அரை மணி ஆகும். அதற்குள் இளம்பரிதி இரண்டு கரண்டி ஊற்றிச் சாப்பிட்டு முடித்திருந்தார். சுகந்தி பெட்டியைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தாள். "எப்படி இருக்கு?" என்று கேட்டாள். வயிறு எப்படி, முட்டி எப்படி, கண் எப்படி, தூக்கம் எப்படி என்று தினம் ஒரு முறை கேட்கச் சொல்லி டாக்டர் எழுதியே கொடுத்திருந்தார். முதல் இரண்டு நாள் சர்க்கார் விசாரணை மாதிரி இருந்தது. பிறகு பழகிவிட்டது.

வைகாசியில் பிலோமினாவுக்கு டெஸ்ட். கண் தெளிந்து, கறுப்புக் கண்ணாடியில்லாமல் வந்திருந்த இளம்பரிதி பின் இருக்கையில் ஏறிக்கொண்டார். சத்தியசீலன் முன்னால் உட்கார்ந்தார். எட்டு போட்டாயிற்று. தெருவில் ஒரு சுற்று சுற்றியாயிற்று. பத்து நிமிஷம் ஆனது. வழக்கம்போல ஆபீசுக்குத் திரும்பச் சொல்வார் என்று பிலோமினா வலப்பக்க விளக்கைப் போட்டார்.

"வேணாம். நேராப் போங்க" என்றார் சத்தியசீலன். "லால்குடி போகணும்னு சொன்னீங்களே, பாலத்துல ஓட்டத் தெரியணும்."

கார் கொஞ்ச தூரம் போயிற்று. தூரத்தில் பாலம் தெரிந்தது, அதன்மேல் அசையாமல் நிற்கிற வண்டிகளும் தெரிந்தன. சத்தியசீலன் மடியிலிருந்த காகிதங்களை ஒரு முறை சரிசெய்தார். பிறகு, பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக, பின்னால் திரும்பி இளம்பரிதியைப் பார்த்தார்.

"அந்தப் பக்கம் எங்க இருக்கு?" என்று மெதுவாகக் கேட்டார்.

"எறங்கின உடனே இடது கைப் பக்கம் டைல்ஸ் கடை, சார். முன்னால அடுக்கி வெச்சிருக்கிறதப் பார்த்து ஏமாந்துடாதீங்க. சாவி கல்லாவுல கேட்கணும்."

சத்தியசீலன் தலையை அசைத்துவிட்டு முன்னால் திரும்பிக்கொண்டார். "போங்கம்மா" என்றார்.